'பை' படுத்தும் பாடு

டைப்பிஸ்ட், பாரிமுனை:

'பை பஸ்', 'பை ஃபிரைடே' என்றெல்லாம் ஆங்கிலத்தில் வருகிறதே, அந்த 'பை'யிடம் மாட்டிய கதை ஆளுக்கு ஒன்றாவது இருக்கும். எனக்குத் தொழிலே அதோடுதான் என்பதால் நான் தொடங்குகிறேன்.

ஹைகோர்ட் பக்கத்துச் சந்து ஒன்றில் டைப்பிங், மொழிபெயர்ப்பு செய்து தருகிறேன். பேங்க் லோனுக்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப என்று பழைய தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கக் கொண்டுவருவார்கள். பெயரையும் தொகையையும் மூன்று முறை சரிபார்ப்பார்கள். செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, யாரும் படிக்கமாட்டார்கள். வம்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

தமிழ்ப் பத்திரத்தில் நான்கெல்லை இப்படி வரும்: "கிழமேல் தெருவுக்குத் தெற்கு, 14ஆம் மனைக்கு வடக்கு, தென்வடல் ரோட்டுக்கு மேற்கு, 11ஆம் மனைக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனை." தெருவில் நின்று பார்த்தால் நம் மனை தெற்கே, 14ஆம் மனையில் நின்று பார்த்தால் வடக்கே. வெளியே நின்று உள்ளே பார்க்கிற கணக்கு. ஆங்கிலப் பத்திரமோ மனைக்குள் நின்றுகொண்டு வெளியே பார்க்கும். 'நார்த் பை ஸ்ட்ரீட்' என்றால் வடக்கே தெரு இருக்கிறது என்று அர்த்தம். 'பவுண்டடு ஆன் தி நார்த் பை' என்ற தொடரின் வால் அது. வடக்குப் பக்கம் எல்லையாக நிற்பது எது என்பதைத்தான் அந்த 'பை' சொல்கிறது.

ஒரு பெரியவர் வேறெங்கோ செய்த மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். '14ஆம் மனைக்கு வடக்கு' என்பதை 'நார்த் பை பிளாட் 14' என்று அப்படியே இறக்கிவைத்திருந்தார்கள். நாலு பக்கமும் அதே கதிதான். வடக்கிலும் கிழக்கிலும் ரோடு இருக்கிற ஈசானிய மூலை மனை. வாஸ்து பார்த்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர் அவர். காகிதத்தில் மனை நேர் எதிரே, தென்மேற்குக் கன்னி மூலைக்குப் போய்விட்டது! பேங்க்கிலிருந்து அளந்து பார்க்க வந்தவர், "தெரு தெற்கால இருக்கணுமே, நீங்க வேற மனையைக் காட்டுறீங்க" என்று திரும்பிப் போய்விட்டாராம். பெரியவருக்கு லோன் தள்ளிப்போனதைவிட வாஸ்து போனதில்தான் வருத்தம் அதிகம். புதிதாக டைப் செய்து கொடுத்தேன். பத்திரம் ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை எடுத்து, ஒவ்வொரு 'பை'க்கும் "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

சோழிங்கநல்லூர் ஐடி:

எங்கள் பக்கம் திசை மாறாது, நாள் மாறும். டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, கிளையன்ட்டுக்கு 'தி சர்வர் வில் பி டவுன் பை மண்டே' என்று மெயில் போட்டான். திங்கள் வரை சர்வர் ஓடாது என்று சொல்ல வந்தான். அவர்களோ திங்களுக்குள் நிறுத்தப்போகிறார்கள், அதுவரை ஓடும் என்று புரிந்துகொண்டு சனிக்கிழமை முழுக்க அதில் வேலை வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையிலேயே போன் வந்தது.

பிறகு கேண்டீனில் உட்கார்ந்து சொன்னேன்: "தமிழ்ல யோசிச்சுக்கோப்பா. 'வரை'ன்னு வந்தா 'டில்' போடு, 'அன்டில்'னாலும் சரி. 'க்குள்'னு வந்தா 'பை'." 'வெள்ளிக்குள் முடி' என்றால் புதனிலேயே முடிக்கலாம். 'வெள்ளி வரை செய்' என்றால் வெள்ளி வந்தாலொழிய விடுதலை இல்லை. நம் மொழியில் இது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குழம்புகிறோம் என்று தெரியவில்லை.

'பை ஃபிரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. ஆனால் வெள்ளி மாலையா, நள்ளிரவா என்று அது சொல்லாது. அதனால் நான் மணியையும் சேர்த்தே எழுதுவேன். அரசு விண்ணப்பங்களில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று நீட்டி எழுதுவதைக் கிண்டல் செய்வோம். ஆனால் கடைசி நாள் உண்டா இல்லையா என்ற சண்டைக்கு அது இடமே வைப்பதில்லை.

தி.நகர் சாப்பாட்டுப் பிரியன்:

ஹோட்டலில் 'ஒன் பை டூ' சூப் என்றால் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். மூன்று பேர் போனால் 'டூ பை த்ரீ'. அதே 'பை' வீட்டு புரோக்கர் வாயில் பெருக்கலாகிவிடும்: 60 பை 40, அதாவது 2400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. சூப்பில் வகுத்தல், மனையில் பெருக்கல். இலக்கணம் எனக்குத் தெரியாது, பசிதான் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்:

இலக்கணம் நான் சொல்கிறேன். நம் பிள்ளைகள் சறுக்குவது மூன்றாம் வேற்றுமையில். 'அரசனால் கட்டப்பட்ட கோவில்', 'கத்தியால் நறுக்கிய மாங்காய்' இரண்டுக்கும் நமக்கு 'ஆல்' ஒன்றுதான். நன்னூல் கருத்தா, கருவி என்று பொருளைப் பிரித்தாலும் உருபு அதேதான். ஆங்கிலம் அங்கே சொல்லையே மாற்றிவிடும். செய்தவருக்கு 'பை', கையில் பிடித்த கருவிக்கு 'வித்'. 'கட் பை எ நைஃப்' என்று எழுதினால் கத்தி தானே எழுந்து மாங்காயை நறுக்கியது போல இருக்கும் என்பேன், வகுப்பே சிரிக்கும்.

அப்புறம் ஒரு பையன் கையைத் தூக்குவான்: "மிஸ், 'பை ஹேண்ட்'னு சொல்றாங்களே, கை கருவிதானே?" நல்ல கேள்வி. அது 'பை பஸ்', 'பை போஸ்ட்' வகை. எந்தக் கை, எந்தப் பஸ் என்ற பேச்சு இல்லை. எந்த வழியில் என்பதுதான் விஷயம். 'எ', 'தி', 'மை' ஏதாவது நடுவில் வந்தால் 'பை' பெரும்பாலும் இடத்தைக் காலி செய்துவிடும். 'பை கார்' சரி, 'இன் மை கார்' சரி, 'பை மை கார்' கூடாது. 29சி பஸ்ஸில் வந்தேன் என்றால் 'ஆன் தி 29சி'.

நடந்து வந்ததற்கு நம் ஊரில் 'பை வாக்' என்கிறோம். இலக்கணப்படி 'ஆன் ஃபுட்'. சென்னையில் எல்லோருக்கும் புரிகிற சொல் என்பதால் யாராவது பேச்சில் சொன்னால் விட்டுவிடுவேன். பரீட்சைத் தாளில் எழுதினால் சிவப்பு மைதான்.

டைப்பிஸ்ட், பாரிமுனை:

ஆசிரியை அம்மா பணத்தை விட்டுவிட்டார்களே! வாடகை ஒப்பந்தத்தில் 'இன்க்ரீஸ்டு பை' என்றால் எவ்வளவு ஏறுகிறது என்பது. 'இன்க்ரீஸ்டு டு' என்றால் ஏறி எங்கே நிற்கிறது என்பது. 15,000 வாடகையை 16,000 ஆக்குவதாகப் பேசி முடித்த ஒரு வீட்டுக்காரர், தானே எழுதிக்கொண்டுவந்த வாசகத்தில் 'பை 16,000' என்றிருந்தது. அதன்படி புது வாடகை 31,000. கூடவே வந்திருந்த குடித்தனக்காரப் பெண்தான் கண்டுபிடித்து, "அங்கிள், இது இரண்டு வீட்டு வாடகை" என்றாள். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டைப் பண்றப்போ நீங்களே மாத்திடுங்க சார்" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.