ஆல்டிஸ் முன்பக்க ஸ்பிரிங் உடைந்துவிட்டது, வீட்டிலேயே மாற்றலாமா?

உப்பளத்தான்:
2010 கொரோலா ஆல்டிஸ், பெட்ரோல். தூத்துக்குடி உப்புக்காற்றிலேயே ஓடிய வண்டி. கொஞ்ச நாளாக ஸ்டீயரிங்கை ஒடித்தால் இடது முன்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். ஜாக்கி போட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து கீழ்த்தட்டில் கிடக்கிறது, உடைந்த முகத்தில் பாதி கறுத்த துரு, பாதி பளபளவென்று புது இரும்பு. பட்டறையில் ஷாக் அப்சார்பரோடு சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் எண்ணெய்க் கசிவு இல்லை. ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், ஸ்டாண்டு எல்லாம் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வாங்கினால் போதுமா?

கிரீஸ் கை:
முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். உடைந்த முனை நகர்ந்து டயரைக் கிழித்துவிடும். பாதி துரு என்றால் விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது என்று அர்த்தம், வலது பக்கமும் அதே வயசுதான், ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. முன்சக்கரம் இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள், ஒன்றை மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு, அதை ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இணைக்கும் லிங்க் ராட் வராது. அந்த லிங்க் நட்டைத் திருப்பினால் உள்ளே போல்ட்டும் கூடவே சுற்றும், நடுவில் ஆலன் கீ கொடுத்துப் பிடிக்கணும், உங்கள் ஊர்த் துருவுக்கு முந்தைய இரவே எண்ணெய் அடித்து வையுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும், அதை விடுவித்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கம்பி போட்டுக் கட்டிய பிறகுதான் கீழே உள்ள இரண்டு பெரிய போல்ட்டையும் உருவணும். இல்லையென்றால் நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸை இழுக்கும்.

பழைய ஃபிட்டர்:
மேலே பானட்டுக்குள் மூன்று சின்ன நட்டு இருக்கும், அதை மட்டும் கழற்றுங்கள். நடுவில் மூடிக்குக் கீழே இருக்கும் பெரிய நட்டைத் தொடவே வேண்டாம் தம்பி. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பதே அதுதான், கம்ப்ரஸர் போடாமல் கழற்றினால் ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மவுண்ட் முகத்தில் வந்து அடிக்கும். ஆன்லைனில் விற்கிற இரட்டைக் கொக்கி கம்ப்ரஸரை நான் நம்புவதில்லை. உடைந்த ஸ்பிரிங்கில் கொக்கி பிடிக்கவும் சுற்று போதாது, வழுக்கும். ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், சுவரில் பொருத்திய கம்ப்ரஸரில் மாற்றித் தருவார்கள். சேமிக்கிற காசு கழற்றி மாட்டும் கூலியில்தான், இதில் கிடையாது.

உப்பளத்தான்:
சரி அண்ணே, கம்ப்ரஸர் வாங்கவில்லை. ஷாக் அப்சார்பர் பழசே போதுமா?

பழைய ஃபிட்டர்:
ஸ்பிரிங் கழன்றதும் ஷாக் அப்சார்பர் ராடைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒரே சீராக இறங்கணும், நடுவில் தளர்ந்தால் மாற்றிவிடுங்கள். மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (ராடில் இருக்கும் ரப்பர் தடுப்பு), டஸ்ட் பூட் (தூசி உறை) மூன்றையும் யோசிக்காமல் புதுசு போடுங்கள், அதற்காக இன்னொரு தடவை எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. ராடை மட்டும் இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள், குரோமில் கீறல் விழுந்தால் சீல் போய்விடும்.

கிரீஸ் கை:
ஸ்பிரிங் வாங்கும்போது பெட்ரோல் வண்டி என்று சொல்லிப் பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள், டீசல் எஞ்சின் கனம் வேறு. புது ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டுப் பள்ளத்தில் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பட்டறையிலேயே பார்த்துவிடுங்கள். மாட்டி முடித்ததும் நேராக அலைன்மெண்ட் கடைக்கு, டோவோடு (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) பார்க்கச் சொல்லுங்கள்.