பவர் ஃபார்வர்டு ஆட்டக்காரர் ஸ்மால் ஃபார்வர்டாக மாற முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். கூடைப்பந்தில் இதுவரை பவர் ஃபார்வர்டாக, கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கியும் ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தும் ஆடிவந்த நான், கூடையிலிருந்து விலகி வெளிப்பக்கத்தில் அதிகம் ஆடும் ஸ்மால் ஃபார்வர்டாக மாற விரும்புகிறேன். உயரம் இதற்குத் தடையல்ல; ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள அமெரிக்க ஆட்டக்காரர் கெவின் டுராண்டே பல ஆண்டுகள் அந்த இடத்தில் ஆடியிருக்கிறார். மூன்று புள்ளிகளுக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதும் ஓரளவு கைகூடுகிறது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது தடுப்பாட்டம்தான். விங்கில் (ஆடுகளத்தின் பக்கப் பகுதியில்) சட்டென்று திசை மாற்றும் ஆட்டக்காரரை எதிர்கொள்ளும்போது, முதல் அடியிலேயே என் இடுப்பு திரும்பிவிடுவதால், அவர் என்னைக் கடந்து கூடையை நோக்கிப் போய்விடுகிறார். பக்கவாட்டு அசைவை விரைவாக்க எந்தப் பயிற்சியை முதலில் தொடங்கலாம்? எடையைக் குறைத்தால் ரீபவுண்டுக்கான வலு போய்விடுமா? இம்மாற்றத்தைச் செய்தவர்களும் பயிற்சியாளர்களும் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.