நுரையீரல் மாற்று: பரிசோதனை, காத்திருப்பு. உங்கள் அனுபவம் என்ன?

கோவைக்காரி:
அப்பாவுக்கு ஐஎல்டி, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய். அதற்குக் கொடுக்கும் நின்டெடனிப் மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. மாற்றுக்கான பரிசோதனையில் சிடி, எக்கோ, இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ரைட் ஹார்ட் கேத் எதற்கும் அசராத மனிதர், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் டெஸ்டுக்கு மட்டும் முந்தின நாளே சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். பரீட்சை என்றே நினைத்துவிட்டார். இரண்டு கோன்களுக்கு நடுவே நடக்கவேண்டும். டெக்னீஷியன் நிமிடத்துக்கு ஒருதரம் "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84 சதவீதத்துக்கு இறங்கியதும் அப்பா விரலில் மாட்டியிருந்த மீட்டரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எதிர் பெஞ்சில் அம்மா. அந்த டெக்னீஷியன் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

மணப்பாறை மாமா:
அவர் மேல் தப்பில்லைம்மா. அந்த வாக்கியங்கள் விதிமுறையிலேயே இருப்பவை. கூட இரண்டு வார்த்தை உற்சாகமாகச் சொன்னால் ஆள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிடுவார், அப்புறம் அடுத்த தடவையோடு ஒப்பிட முடியாது. எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் காதோடு சொன்னது வேறு: "மெதுவா நடங்க சார், லிஸ்ட்ல சீக்கிரம் ஏத்துவாங்க."

தென்காசியான்:
மாமா, அதைப் படித்துவிட்டு யாராவது செய்து வைக்கப்போகிறார்கள். தூரம் ரொம்பக் குறைந்தால் ஆபரேஷனைத் தாங்குவாரா என்றுதான் முதலில் யோசிப்பார்கள்.
எங்கள் அண்ணனுக்கு ராத்திரி போன் வந்தது, நுரையீரல் இருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்று. போய் ரத்தம் கொடுத்து, கவுன் மாட்டி, சாமி கயிற்றை அறுத்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தானம் கொடுப்பவரிடமிருந்து எடுக்கப் போன டீம் அங்கே பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது குழாய் விட்டு நுரையீரலுக்குள் பார்த்த பிறகுதான், அது உதவுமா என்று முடிவு சொல்லும். விடிந்ததும் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஐயா, இனி சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான் செய்தி. அண்ணன் நான்கு இட்லி சாப்பிட்டார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சேலம் சுமதி:
எங்கள் அத்தை நாலடி பத்து அங்குலம். ரத்த குரூப் பொருந்தினால் போதாது, தானம் கொடுப்பவரின் நுரையீரல் அத்தையின் மார்புக் கூட்டின் அளவுக்கும் ஒத்துவர வேண்டும் என்றார்கள். "குள்ளமாப் பொறந்ததுக்கு இது வேறயா?" என்று மருத்துவமனையில் மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டரைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.
கோவைக்காரி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பல்லை இப்போதே காட்டிவிடுங்கள். சொத்தைப்பல் ஒன்று இருந்தாலும் பிடித்து நிறுத்துவார்கள், ஏனென்றால் பின்னால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க. தடுப்பூசியும் அப்படித்தான், உயிருள்ள கிருமி ஊசிகளை மாற்றுக்குப் பிறகு போடமாட்டார்கள். உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலை வைத்திருக்கும் தமிழக அரசின் டிரான்ஸ்டானில் நாமே நேரே பதிய முடியாது, மருத்துவமனை வழியாகத்தான். 65 தாண்டினால் பதிவே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வரம்பை மத்திய அரசு 2023இல் எடுத்துவிட்டது. டீம் உடம்பைப் பார்த்து முடிவெடுப்பது வேறு விஷயம். கரண்ட் போனால் வீட்டில் ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் நின்றுவிடும், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் நிரம்பி இருக்கட்டும். படுத்தே கிடக்க விடாதீர்கள், பிசியோ சொன்ன நடையை ஆக்சிஜன் மாட்டிக்கொண்டாவது நடக்கட்டும்.

கோவைக்காரி:
அக்கா, பல்லெல்லாம் போன மாதமே பார்த்தாச்சு. தென்காசி அண்ணே, உங்கள் அண்ணனுக்கு மறுபடி போன் வந்ததா?