ஹைலாண்டரில் இழுக்க எந்த ட்ரெயிலர்? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

மார்க்கம்_77 | செவ்வாய், இரவு 11:42

வணக்கம். கொஞ்சம் அவசரம். ஜூலை இரண்டாம் கிழமைக்கு அல்கொன்குவின் பூங்காவில் பொக் லேக் முகாமில் இடம் பதிவுசெய்துவிட்டோம். போன வருடம் கூடாரத்தில் மூன்று இரவும் மழை. இனிக் கூடாரம் என்றால் தான் வரவில்லை என்று மனைவி சொல்லிவிட்டார். இரண்டு ட்ரெயிலர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய ஸ்காம்ப் 16 அடி. மற்றது 17 அடி, பங்க் படுக்கை (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில்) உள்ளது, கிட்டத்தட்டப் புதிது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். வாகனம் டொயோட்டா ஹைலாண்டர், 5,000 பவுண்ட் இழுக்கும், அதனால் எடை பிரச்சினை இல்லை. பங்க் உள்ளதை விற்பவர் சனிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். எதை எடுக்கலாம்?

ஏஜாக்ஸ்_அக்கா | புதன், காலை 6:15

தம்பி, எத்தனை பேர் படுக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு என்ன வயது? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

வாட்டர்லூ_இயந்திரன் | புதன், காலை 7:03

இந்தக் கேள்வி இங்கே மாதம் மூன்று முறை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் கை சுடாது.

ஒன்றுக்குப் பெயர் சொல்கிறீர்கள், மற்றதுக்கு நீளம் மட்டும் சொல்கிறீர்கள். நீலச் சட்டை நல்லதா, 40 அளவுச் சட்டை நல்லதா என்று கேட்பதுபோல் இருக்கிறது. அப்புறம், "எடை பிரச்சினை இல்லை" என்று எழுதுகிறவர்களுக்குத்தான் வழக்கமாக எடை பிரச்சினை.

பழைய_போலர் | புதன், காலை 7:40

யோசிக்கவே வேண்டாம், ஸ்காம்ப். நான் வின்னிபெக்கில் இருக்கிறேன். இந்த முட்டை ட்ரெயிலர்கள் பிறந்த ஊர் இதுதான். 1968இல் போலர் என்ற முதல் முட்டை ட்ரெயிலர் இங்கேதான் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் மினசோட்டாவில் செய்கிற ஸ்காம்ப். மேலும் கீழுமாக இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடு, நடுவில் ஒரே ஒரு இணைப்பு. மற்றவை எல்லாம் மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த பெட்டி. கூரையில் ரப்பர் விரிப்பு, ஓரம் முழுக்கப் பசை. பசை வெடித்தால் தண்ணீர், தண்ணீர் போனால் மரம் உளுக்கும். என்னுடைய போலர் 1973ஆம் ஆண்டுடையது, இன்னும் ஓடுகிறது.

ரயர்_மாமா | புதன், காலை 8:22

இரண்டிலும் ரயர் திகதி பார்த்தீர்களா? பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கம். 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. தேயாமல் புதிதுபோல் இருக்கும், உள்ளே இறந்திருக்கும். ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்வதில்லை, நின்று நின்றே கெடும். முதலில் அதைப் பாருங்கள்.

டெட்ராய்ட்வாசி | புதன், காலை 9:10

ஹைலாண்டர் எந்த வருஷம்? ஹைபிரிடா, சாதாரண பெட்ரோலா? பதில் இதில்தான் இருக்கிறது. ட்ரெயிலரைக் கொளுவும் ஹிட்ச் ஏற்கெனவே மாட்டியிருக்கிறதா, ட்ரெயிலரின் பிரேக்கை வாகனத்திலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எல்லோரும் எடையைப் பிடித்துத் தொங்குகிறார்கள். நெடுஞ்சாலையில் உங்களை இழுப்பது காற்று. 100இல் போவதற்கும் 120இல் போவதற்கும் காற்றுத் தடை 44 சதவீதம் கூடும். முட்டை வடிவம் காற்றை ஒதுக்கிவிடும், தட்டை முகப் பெட்டி காற்றை முட்டிக்கொண்டே போகும். எடை மேட்டில் ஏறும்போது தெரியும். காற்று நாள் முழுக்கத் தெரியும்.

மார்க்கம்_77 | புதன், மதியம் 12:31

எல்லோருக்கும் நன்றி, வேலையில் இருந்து எழுதுகிறேன். நாலு பேர், பிள்ளைகளுக்கு 9, 6 வயது. ஹைலாண்டர் 2021. ஹிட்ச் இருக்கிறது. பங்க் ட்ரெயிலரின் எடை விளம்பரத்தில் 3,050 என்று போட்டிருக்கிறது. 5,000க்கு எவ்வளவோ கீழேதானே?

டெட்ராய்ட்வாசி | புதன், மதியம் 12:50

ஹைபிரிடா?

வாட்டர்லூ_இயந்திரன் | புதன், மதியம் 1:15

3,050 என்பது வெற்று எடை. தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது உள்ள எடை. அந்த எடையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. கணக்குப் போடுவோம், குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

வெற்று எடை 3,050. பற்றரி 50. நிரம்பிய 20 பவுண்ட் எரிவாயுச் சிலிண்டர், உருளையோடு சேர்த்து 37. தண்ணீர்த் தாங்கி 20 கலன் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கக் கலனுக்கு 8.3 பவுண்ட் வீதம் 166. இதுவரை 3,303. இதற்குமேல் படுக்கை விரிப்பு, பாத்திரம், நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள், நம் ஆட்கள் கட்டாயம் கொண்டுபோகும் பத்துக் கிலோ அரிசி. குறைத்து வைத்தாலும் 400. மொத்தம் 3,703.

உங்கள் வாகனம் பெட்ரோல் வகை என்றால் இது தாங்கும். ஹைபிரிட் என்றால் அந்த வருட ஹைலாண்டரின் வரம்பு 3,500. நீங்கள் ஏறுவதற்கு முன்பே 200 பவுண்ட் கூடிவிட்டது. இதை வாகனக் கையேட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். கையேடு கையுறைப் பெட்டியில் இருக்கும்.

ஏஜாக்ஸ்_அக்கா | புதன், மதியம் 1:58

கணக்கு சரி, தம்பி. அதை இவ்வளவு காரமாகச் சொல்லத் தேவையில்லை.

மார்க்கம் தம்பி, நாங்கள் முட்டை ட்ரெயிலர் ஆறு வருடம் வைத்திருந்தோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை சொர்க்கம். பகலில் மேசையாக இருப்பதை இரவில் கட்டிலாக்க வேண்டும், காலையில் மறுபடி மேசையாக்க வேண்டும். மழை நாளில் ஒருவர் படுத்திருந்தால் மற்றவருக்குச் சாப்பிட இடம் இல்லை. மூத்தவனுக்குப் பதினொரு வயதானதும் விற்றுவிட்டோம். உங்கள் 9 வயதுப் பிள்ளை இன்னும் இரண்டு வருடத்தில் எவ்வளவு வளரும் என்று யோசியுங்கள். பங்க் இருந்தால் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை இருக்கும், திரையை இழுத்துவிட்டால் அவர்கள் உலகம் தனி.

ஸ்காம்ப் 16இல் பல அமைப்பு உண்டு. முன்பக்க இருக்கை மேலும் கீழுமாக இரண்டு படுக்கையாக மாறும் வகையா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நாலு பேருக்கு எடுக்கவே வேண்டாம்.

பழைய_போலர் | புதன், மதியம் 2:30

அக்கா விற்றதுதான் பிழை. இன்றைக்கு அதற்கு என்ன விலை போகும் தெரியுமா? ஃபைபர்கிளாஸ் ஒழுகாது, விலையும் இறங்காது.

ஏஜாக்ஸ்_அக்கா | புதன், மதியம் 2:47

ஒழுகாது என்று யார் சொன்னது? எங்களுடையது ஒழுகியது. உட்சுவரைப் பிடித்திருக்கும் ஆணிகள் ஃபைபர்கிளாஸ் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஒவ்வொரு ஆணியும் ஒரு ஓட்டைதான். ஜன்னல் ஓரமும் அப்படியே. தரை மரப்பலகை. ஓடு நூறு வருடம் இருக்கும், தரை இருக்குமா? வாங்குவதற்கு முன் கதவடியிலும் மூலைகளிலும் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரயர்_மாமா | புதன், மாலை 4:05

அச்சின் தாங்கியில் கிரீஸ் எப்போது போட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். ரயர் திகதி இன்னும் சொல்லவில்லை.

டெட்ராய்ட்வாசி | புதன், மாலை 5:20

இழுக்கும் எடை மட்டும் இல்லை, நாக்கு எடையும் பார்க்க வேண்டும். ஹிட்ச் பந்தின் மேல் உட்காரும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெயிலர் பின்னால் பாம்புபோல் ஆடும். நண்பர் போட்ட 3,703க்குக் குறைந்தது 370. அந்த 370ஐ வாகனத்தின் பின் அச்சுதான் சுமக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று. நாலு பேர் எடை, பின்னால் உள்ள ஐஸ் பெட்டி, ஹிட்ச், நாக்கு எடை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். பலருக்கு இழுக்கும் வரம்புக்கு முன்னால் இதுதான் தீர்ந்துபோகும்.

ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மார்க்கம்_77 | புதன், இரவு 10:12

ஸ்டிக்கர் நாளைக்குப் பார்க்கிறேன். மனைவியிடம் கேட்டேன், ஹைபிரிட்தானாம். 5,000 என்று எனக்கு வாகனம் விற்றவர் சொன்ன ஞாபகம். அம்மாவும் சில வேளை வருவார்.

இன்னொரு சந்தேகம். மழை பெய்தால் உள்ளே சமைக்கலாம்தானே? இரண்டிலும் அடுப்பு இருக்கிறது.

வாட்டர்லூ_இயந்திரன் | புதன், இரவு 10:20

அம்மாவும். சரி, ஐந்து பேர். நாளைக்குள் ஆறாகிவிடும்.

ஏஜாக்ஸ்_அக்கா | புதன், இரவு 10:41

தேநீர் போடலாம், முட்டை பொரிக்கலாம், நூடில்ஸ் கிண்டலாம். மீன் பொரிக்க வேண்டாம். ஒரே ஒரு முறை விளைமீன் பொரித்தேன். செப்டெம்பர் வரை மெத்தை மணத்தது. விற்கும்போது வாங்க வந்த பெண் மூக்கைச் சுருக்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய_போலர் | புதன், இரவு 10:55

மேலே விசிறி வைத்த கூரை ஜன்னலைத் திறந்துவிட்டால் ஒரு மணமும் தங்காது. நான் நண்டே சமைத்திருக்கிறேன்.

ஏஜாக்ஸ்_அக்கா | புதன், இரவு 11:02

உங்களுக்குப் பழகிவிட்டது அண்ணா, அதனால் தெரியவில்லை.

கிங்ஸ்டன்_கீதன் | வியாழன், காலை 6:50

மீன் வெளியில் பொரித்தாலும் கவனம். அல்கொன்குவின் கருங்கரடி நாடு. சாப்பாடு, குப்பை, ஐஸ் பெட்டி, எண்ணெய்ச் சட்டி ஒன்றையும் மேசையில் விட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. எல்லாம் வாகனத்துக்குள். விட்டால் பூங்கா அதிகாரி தண்டமும் போடுவார். பொரித்த எண்ணெயைப் புதருக்குள் ஊற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய_போலர் | வியாழன், காலை 7:15

முப்பது வருடத்தில் ஒரு கரடியும் என் பக்கம் வந்ததில்லை.

ஏஜாக்ஸ்_அக்கா | வியாழன், காலை 7:18

நண்டு மணத்துக்குப் பயந்திருக்கும்.

கிங்ஸ்டன்_கீதன் | வியாழன், காலை 7:30

சிரிக்காதீர்கள். ஒருமுறை சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் சாவது கரடிதான்.

மாண்ட்ரியல்_நிலா | வியாழன், காலை 9:44

கேட்டது ட்ரெயிலர், போய்க்கொண்டிருப்பது கரடிக் கதை.

ஹைபிரிட் என்றால் 3,500தான் எல்லை. நிரப்பிய எடையை 3,000ஐச் சுற்றி வைத்துக்கொண்டால் மேட்டில் நிம்மதி. எங்கள் கியூபெக்கில் செய்கிற ஆல்டோ ட்ரெயிலரையும் பாருங்கள். அலுமினியப் பலகைச் சுவர், மேலே தூக்கி இறக்குகிற கூரை. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும், அதனால் காற்று பிடிக்காது. வெற்று எடை 2,000 பவுண்டுக்குள் வரும் மாடல்கள் உண்டு. ஆனால் புதிது என்றால் நீளக் காத்திருப்பு, பழையது என்றால் விலை குறையாது. ஐந்து பேருக்கு அதுவும் காணாது. ஓஹாயோவில் செய்கிற டேப் 400 ட்ரெயிலர் அழகுதான், ஆனால் அது இரண்டு பேருக்கு. குடும்பத்தோடு அதற்குள் போனால் ஒருவர் வெளியில் நிற்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: சனிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள். அவசரப்படுத்துகிற விற்பனையாளரிடம் ஏதோ அவசரம் இருக்கிறது. ஜூலைக்கு ஒரு பங்க் ட்ரெயிலரை வாடகைக்கு எடுங்கள். முகாமில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு, இழுக்கும் கவலையே இல்லை. ஒரு கிழமை இருந்து பார்த்தால் உங்களுக்கு முட்டையா, பெட்டியா என்று தெரிந்துவிடும்.

டெட்ராய்ட்வாசி | வியாழன், காலை 10:30

நிலா சொல்வது சரி. வாங்கத்தான் வேண்டும் என்றால் ஸ்காம்ப். நாலு பேர் என்றால் மட்டும், ரொம்பச் சாமான் ஏற்றாமல். பங்க் ட்ரெயிலருக்கு வாகனத்தை மாற்ற வேண்டும்.

வாட்டர்லூ_இயந்திரன் | வியாழன், காலை 11:05

நான் நேற்றே சொன்னதைத்தான் எல்லோரும் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒன்ராறியோவில் 1,360 கிலோவை எட்டும் ட்ரெயிலருக்கு பிரேக் கட்டாயம், அதாவது 3,000 பவுண்ட். அதற்கு வாகனத்தில் கன்ட்ரோலர் வேண்டும். ஹிட்ச் இருக்கிறது என்றவர், சாமான் கம்பி மட்டும் மாட்டும் சிறிய ஹிட்ச்சா, இரண்டு அங்குலத் துளை உள்ளதா, ஏழு முனை மின்இணைப்பு இருக்கிறதா என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏஜாக்ஸ்_அக்கா | சனி, மாலை 6:20

மார்க்கம் தம்பி, என்ன முடிவு?

ரயர்_மாமா | ஞாயிறு, காலை 8:00

கட்டிவிட்டாரோ?

மார்க்கம்_77 | அடுத்த வியாழன், இரவு 11:55

மன்னிக்கவும், பிள்ளைக்குக் காய்ச்சல், இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஸ்காம்ப்பைப் போய்ப் பார்த்தோம். கதவடி மெத்தென்று இருந்தது, விட்டுவிட்டேன். பங்க் உள்ளதுக்குப் பணம் கட்டவில்லை. ஜூலைக்கு வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன், கொண்டுவந்து நிறுத்துவார்கள். அம்மா வரவில்லையாம், கரடி இருக்கிறது என்று மனைவி வாசித்துக் காட்டிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

ரயர்_மாமா | வெள்ளி, காலை 6:05

நல்லது. வாடகை ட்ரெயிலரிலும் ரயர் திகதி பாருங்கள்.