கூடங்குளம்: முடிவெடுத்தது கட்சிகளா, மக்களா?

உவரிக்காரன்:
மக்களின் அச்சம் தீரும்வரை கூடங்குளம் அணுமின் நிலைய வேலையை நிறுத்துங்கள் என்று மத்திய அரசைக் கேட்டு 2011 செப்டம்பர் 22-இல் ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. பக்கத்து ஊரான இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பட்டினி கிடந்தவர்கள் அதை நம்பித்தான் எழுந்தார்கள். 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாளே அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. இடையில் எங்கள் பக்கம் யாருடைய பயமும் தீரவில்லை. வாக்குப்பதிவுதான் முடிந்திருந்தது.

பட்டறை மணி:
தேர்தல் மட்டும் காரணமில்லை நண்பரே. அப்போது கோவையில் எங்கள் பட்டறையில் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. லேத்தில் பாதி கடைந்த ஷாஃப்ட் அப்படியே நிற்கும். பையன்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து வேலை பார்த்தார்கள். 2,000 மெகாவாட் வருகிறது என்றால் நாங்கள் வேண்டாம் என்போமா? அரசு எங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உவரிக்காரன்:
உங்கள் கஷ்டம் உண்மை. அதற்கு விலை கொடுத்தது யார்? 2012 செப்டம்பர் 10, கடற்கரையில் கண்ணீர்ப்புகை, தடியடி. அன்றே மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தார்.

கீழ்வேளூர் செல்வி:
மேற்கு வங்கம் ஹரிப்பூரையும் பாருங்கள். அங்கேயும் அணுமின் நிலையத்தை எதிர்த்து மக்கள் போராடினார்கள். அவர்களோடு நின்ற திரிணமூல் 2011-இல் ஆட்சிக்கு வந்தது, திட்டத்தை வேண்டாம் என்றது. இடிந்தகரைக்கு வைகோ வந்தார். ஆனால் இங்கே ஆட்சியைப் பிடிக்கக்கூடிய இரண்டு கட்சிகளில் ஒன்றுகூட அந்தப் போராட்டப் பந்தலைத் தன்னுடையதாக நினைக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

பட்டறை மணி:
கட்சிகள் நல்லதும் செய்திருக்கின்றன. 2010 அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டத்தில், உலையை விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம் என்ற பிரிவை பாஜகவும் இடதுசாரிகளும் விடாப்பிடியாக நின்று வாங்கினார்கள். கூடங்குளத்துக்கு உலை விற்ற ரஷ்யா முரண்டு பிடித்தது. அங்கே 3, 4-ஆம் உலைகளின் ஒப்பந்தம் 2014 வரை இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உவரிக்காரன்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடுகிற உலைக்குக் கடிவாளம் போட்டது பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நடத்திய வழக்கு. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது, கூடவே 15 நிபந்தனைகளும் விதித்தது. போராடியவர்கள் மீதான கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் பையன்கள் பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் அலைந்தது அந்த வழக்குகளால்தான்.

பட்டறை மணி:
வழக்குகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். எரிந்து முடிந்த எரிபொருளை அங்கேயே வைப்பதானால் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும், அதிலும் உங்கள் பக்கம். உலையை மூடச் சொன்னால் மட்டும் நான் வரமாட்டேன்.