கார்னிவல் கிளாசுக்குத் தமிழ் என்ன? (ஒரு குழு உரையாடல்)

ச.: வியாழக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது. பழைய ‘கார்னிவல் கிளாஸ்’ கண்ணாடிப் பாத்திரங்களின் சேகரிப்பு பற்றிய கட்டுரை. 1907-இல் அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி இதைச் செய்யத் தொடங்கியது. அச்சில் அழுத்திய கிண்ணம் சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். அப்புறம் திருப்பத் திருப்ப நிறம் மாறும். ‘திருவிழாக் கண்ணாடி’ என்று போட்டேன். “தேரடியில் விற்கிற கறுப்புக் கண்ணாடியா?” என்கிறார் ஆசிரியர். தலைப்பில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.

பொ.: திருவிழா வேண்டாம். ஃபென்டன் வைத்த பெயர் ‘இரிடில்’, நார்த்வுட் என்ற இன்னொரு கம்பெனி வைத்தது ‘கோல்டன் ஐரிஸ்’. மவுசு குறைந்தபின் பொருட்காட்சிகளில் பரிசாகக் கொடுத்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் வெகுகாலம் கழித்துச் சூட்டிய பட்டப்பெயர்தான் கார்னிவல். பண்பை வைத்து ‘நிறமாறு பளிங்கு’ எனலாம். பள் என்ற வேர் பளபள, பளிச்சு, பளிங்கு...

இ.: பளிங்கு பாலி மொழியின் ‘பலிக’, அதற்கும் மூலம் சமஸ்கிருத ஸ்படிகம்.

பொ.: குறளில் முகத்துக்கு உவமையாக வந்த சொல்லை இப்படியா தாரை வார்ப்பது? வேர் இங்கேதான்.

ந.: யாருடையதாகவும் இருக்கட்டும். இன்று பளிங்கு என்றால் தரைக்குப் போடும் கல். பட்டுக்கடையில் கேளுங்கள்: பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒரு நிறம், அசைந்தால் மாறும், பெயர் மயில்கழுத்து. ‘மயில்கழுத்துக் கண்ணாடி’ போடுங்கள்.

இ.: அது நீலப்பச்சைக்குத்தான் பொருந்தும். இதில் அதிகம் கிடைப்பது மேரிகோல்டு, அதாவது நிறமில்லாத கண்ணாடி மேல் ஆரஞ்சு மினுக்கம். ‘செண்டுமல்லி மயில்கழுத்து’ என்று விலைச்சீட்டு எழுதுவீர்களா?

ந.: அழகாகத்தானே இருக்கிறது!

கு.: நான் சேகரிப்பவன். ஃபிரோசாபாத்தில் ஜெயின் கம்பெனி செய்த டம்ளர்களும் என்னிடம் உண்டு, அடியில் ‘ஜெயின்’ என்று புடைப்பெழுத்து. வாங்கும்போது கவிழ்த்துப் பார்ப்போம். தெளிப்புப் படாத அடிப்பக்கத்தில்தான் கண்ணாடியின் அசல் நிறம் தெரியும். ஊதாவா, கோபால்ட் நீலமா என்பதில் விலையே மாறிவிடும். எங்களுக்கு அது கார்னிவல்தான். உங்கள் சொல்லை வைத்துத் தேடினால் ஒரு கிண்ணம்கூடக் கிடைக்காது.

ச.: சரி, தலைப்பில் ‘மினுங்கு கண்ணாடி’, உள்ளே ‘கார்னிவல்’. மூன்று பேர் சம்மதம். பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

பொ.: மினுங்குவது ஜிகினா. நிறம் மாறுவது வேறு. அடுத்த இதழில் திருத்தம் கேட்பேன்.