ஒரு சொல்லில் நின்று வாசிப்பது: மலையகத்திலிருந்து சில பகிர்வுகள்

ஹட்டன்
வேதாகமத்தை ஒரு சொல்லில் நின்று வாசித்துச் செபிக்கத் தொடங்குகிறவர்கள் இடறுவது அளவில்தான். அதிகாரம் முழுக்க வேண்டாம், ஆறு முதல் பத்து வசனம் போதும். மாற்கு 10:46-52, பர்த்திமேயு பார்வை பெறும் பகுதி, ஏழே வசனம். முதல் தடவை நடந்தது விளங்க வாசியுங்க. இரண்டாம் தடவை உதடு அசைய, மெதுவாக. எந்தச் சொல் பிடித்து இழுக்கிறதோ அங்கேயே நின்றுவிடணும். மிச்சத்தை முடித்தே ஆகணும் என்ற கடன் இல்லை. பத்து நிமிஷம் அதை அசைபோட்டு, பிறகு அதையே கடவுளிடம் வீட்டுப் பேச்சில் சொல்லி, கடைசியில் பேசாமல் இருப்பது. வாசிப்பு, தியானம், செபம், மௌன நோக்கு என்ற இந்த நாலு படியை 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் கீகோ சாப்பாட்டோடு ஒப்பிட்டார்: வாயில் வைப்பது, மெல்லுவது, ருசி இறங்குவது, கடைசியில் அந்த இனிப்பே. தேயிலைக் கொழுந்து மலையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அடக்கின வெற்றிலை மாதிரி அந்தச் சொல் பகல் முழுக்க வாயில் கிடக்கட்டும்.

தலவாக்கலை
ஹட்டன் அண்ணன் நேரத்தைச் சொல்லவில்லை. லயத்தில், அதாவது வரிசையாய் ஒட்டிக் கட்டின தோட்ட வீடுகளில், ராத்திரி சரிவராது, அடுத்த வீட்டு டீவிதான் கேட்கும். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு, முன்னே என்பார்கள். அந்த நேரம் பெண்களுக்கு அடுப்படி. அவர்களுக்கு அந்திக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பிறகு இருபது நிமிஷம் நல்லது. கம்பளிக்குள் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், முதுகு நிமிர்ந்திருக்கணும். போனில் வாசித்தால் டேட்டாவை அணைச்சிடுங்க.

நுவரெலியா
ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்க. சங்கீதம் 23இல் புராட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பு 'நான் தாழ்ச்சியடையேன்' என்கிறது. கத்தோலிக்கர் காதில் 'தாழ்ச்சி' என்றால் பணிவு, அர்த்தமே தலைகீழாகிவிடும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'எனக்கேதும் குறையில்லை'. சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம், ஆனால் முதல் வாசிப்பிலேயே தீர்த்துக்கொள்ளணும். நடுவில் புரட்டினால் அது வேதபாடம் ஆகிவிடும்.

பண்டாரவளை
கூட்டாகச் செய்யும்போது கெடுவது வேறு இடத்தில். முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு சொல், விளக்கம் கூடாது. அடுத்து மறுபடி வாசித்து, இரண்டு நிமிஷம் மௌனம், பிறகு 'எனக்கு' என்று தொடங்கும் ஒரே வாக்கியம். 'நாம் எல்லாரும்' என்று யாராவது தொடங்கினால் பிரசங்கம் வருகிறது என்று அர்த்தம். உபதேசியார்தான் முதலில் வழுக்குவார், பாவம், பழக்கதோஷம்! 'இந்த வசனம் மேல் லயத்துக்காரருக்கு' என்பதும் அதே வியாதி. எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு வீடாகப் பிரிச்சிடுங்க, இல்லாட்டி கடைசி ஆள் வாய் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிடும்.